கீமோ நடக்கும்போது வரும் காய்ச்சல் விடியும்வரை காத்திருக்காது

கேள்வி: என் கணவருக்கு வயது 51. பெருங்குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது, நான்காம் நிலை என்கிறார்கள். 21 நாளுக்கு ஒரு முறை ஆக்சாலிப்ளாட்டின் ஊசி, கூடவே 14 நாள் கேப்சைடபின் மாத்திரை. மூன்றாவது ஊசி போட்டுப் பத்தாம் நாள் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விடிவதற்குள் பேச்சு குளறி, ஐசியூ வரைக்கும் போய் மீண்டு வந்தார். என்னால்தான் என்ற நினைப்பு போகவே மாட்டேன் என்கிறது. இப்போது வாய்ப்புண், சாப்பாடு இறங்கவில்லை. வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். நோய் பரவியிருப்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. குலதெய்வம் கோயிலுக்குப் போகணும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை, என் பிபி மாத்திரையைக்கூட மறந்துவிடுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும் டாக்டர்?
— தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசிவிடுவோம் சகோதரி. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாம் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். கீமோ எடுப்பவருக்கு அந்தக் கணக்கு மாறும் என்பதை உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் வேலை. சொல்லாமல் விட்ட பிழையை நீங்கள் சுமக்க வேண்டாம்.

காரணத்தை இப்போதாவது சொல்கிறேன். கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அப்போது சின்னத் தொற்றுகூட சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். உங்கள் கணவருக்கு வந்தது பத்தாம் நாள். பாராசிட்டமால் உடம்புச் சூட்டைத் தணிக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது.

அதனால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். சூடு இல்லாமல் வெறும் நடுக்கம் வந்தாலும், ஆள் திடீரென்று சோர்ந்து குழம்பினாலும் அப்படித்தான். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும், "கீமோ நடக்கிறது, இன்றைக்குப் பத்தாம் நாள், காய்ச்சல்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசியின் முதல் டோஸ் ஏற வேண்டும். வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள், மறுபடியும் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, கீமோ அட்டை, இரண்டு செட் துணி, டாக்டரின் நம்பர் எல்லாம் ஒரு பையில் வாசல் பக்கமே இருக்கட்டும்.

காலைவரை காத்திருக்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. கேப்சைடபின் சாப்பிடும் நாட்களில், ஒரே நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விட்ட மாத்திரையை அப்புறம் சேர்த்துப் போட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், ரத்தம் கட்டியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கண் மஞ்சளானாலும் அடுத்த தேதிவரை தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது சாப்பாடு. இதில்தான் கணவன் மனைவிக்குள் அதிகம் மனக்கசப்பு வருவதைப் பார்க்கிறேன். அவள் பிசைந்து எடுத்துவந்து நிற்பாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். பசியை அமுக்குவது நோயே. உடம்பில் அது கிளப்பிவிடும் ரசாயனங்கள் பசியைக் கொல்கின்றன, தசையைக் கரைக்கின்றன. உங்கள் கைப்பக்குவத்திலோ அவர் மனசிலோ எந்தக் குறையும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாலு வாய் போதும்: குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, காரமில்லாத பருப்புக் கஞ்சி, வேகவைத்த முட்டை. தாளிக்கிற வாசனையே குமட்டும், அதனால் சமைக்கும்போது அவர் திண்ணையில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள், அரை மணி கழித்துக் கேட்கலாம்.

வாய்ப்புண்ணுக்கு, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சமையல் சோடா கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும்முன்னும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து வேண்டும். புண் ஆறட்டும் என்று ஐஸ்கிரீம் கொடுக்காதீர்கள். ஆக்சாலிப்ளாட்டின் ஏறிய முதல் சில நாட்களில் குளிர்ச்சி பட்டால் கை, தொண்டையெல்லாம் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜைக்கூட அவர் திறக்க வேண்டாம்.

மார்ஃபின் விஷயத்துக்கு வருகிறேன். "மார்ஃபின் ஆரம்பித்தால் கடைசி கட்டம்" என்ற பேச்சு எத்தனை பேரை அனாவசியமாக வலியில் துடிக்க வைத்திருக்கிறது தெரியுமா? மார்ஃபின் வலிக்கு மருந்து, அவ்வளவுதான். வலி குறைந்தால் அளவைக் குறைத்து நிறுத்தவும் முடியும், அதை டாக்டர் படிப்படியாகச் செய்வார். டாக்டர் சொல்லும் அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். எனவே வலி வந்த பிறகு தேடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு சரியாகும். மலச்சிக்கல் மட்டும் விடாது, ஆகவே மலமிளக்கியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது போலத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவும் வரலாம்.

வலியையும் மற்ற தொந்தரவுகளையும் தணிக்கும் வலிநிவாரணச் சிகிச்சைப் பிரிவு (பாலியேட்டிவ் கேர்) என்று எழுதிக்கொடுத்தால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைக்காதீர்கள். நுரையீரல் புற்றுநோய் உடம்பில் பரவிய நிலையில் இருந்த 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். அதே திட்டத்தில் உங்கள் பிபியையும் பார்த்து மாத்திரை தருவார்கள். நீங்கள் படுத்துவிட்டால் இந்த வீட்டில் யார் நிற்பது? வாரத்தில் இரண்டு ராத்திரி கொழுந்தனாரோ உங்கள் தம்பியோ அவர் பக்கத்தில் படுக்கட்டும். நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் ஹார்லிக்ஸ் வேண்டாம், ஒரு ராத்திரி வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், அவரிடம் மறைப்பது. உங்கள் நோக்கம் அன்புதான். ஆனால் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் போய்வருகிற ஆளுக்கு, தன் உடம்பு இளைப்பதைத் தினமும் பார்க்கிற ஆளுக்கு, ஒன்றும் தெரியாமல் இருக்குமா? பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்காக அவரும் மறைப்பார். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு படுத்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது? இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கேட்டால், பொய் சொல்லாதீர்கள். சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த முறை டாக்டரிடம், உங்கள் முன்னால் அவரிடமே பேசச் சொல்லுங்கள்.

கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம். ஊசி போட்ட மூன்றாவது வாரத்தில், பதினேழு பதினெட்டாம் நாள் வாக்கில், ரத்த அணு எண்ணிக்கை பார்த்து டாக்டர் சரி என்றதும் கிளம்புங்கள். திருவிழா நாளும் அமாவாசையும் வேண்டாம், கூட்டமில்லாத சாதாரண நாளாகப் பாருங்கள். மார்ஃபினும் தெர்மாமீட்டரும் அந்தப் பையும் காரில் இருக்கட்டும். எதற்காகப் போகணும் என்கிறார் என்று இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள். போகிற வழியில் கேட்டுப் பாருங்கள்.