பழைய புலப்படத்தில் 191, அளந்தால் 126 அடி: நிலம் குறையவில்லை

உங்கள் மனையின் ஒரு பக்கம் பழைய புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) 191 என்று இருக்கிறது, அளந்தால் 38.4 மீட்டர்தான் வருகிறது, நிலம் குறைந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பயப்படுவது போல 65 அடி எங்கேயும் போகவில்லை. 38.4 மீட்டரை 126 அடி என்று மாற்றியது சரிதான். ஆனால் படத்தில் இருக்கும் 191 என்பது அடிக் கணக்கே இல்லை, லிங்க் என்ற பழைய அளவு. அந்தக் காலத்து நில அளவைக்குப் பயன்பட்டது எட்மண்ட் குண்டர் 1620 வாக்கில் இங்கிலாந்தில் உருவாக்கிய சங்கிலி. அதன் நீளம் 66 அடி, அதில் 100 லிங்க். அப்படியென்றால் ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 0.201168 மீட்டர்.

38.4-ஐ 0.201168-ஆல் வகுத்துப் பாருங்கள், 190.9 வரும். படத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. மீட்டரை அடியாக்கி, அப்புறம் லிங்க் ஆக்க வேண்டாம். நடுவில் முழு எண்ணாக்கினால் பிழை சேரும்.

இந்த அளவில் எனக்குப் பிடித்ததே பரப்புக் கணக்குதான். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட், லட்சம் சதுர லிங்க் ஒரு ஏக்கர். உங்கள் மனை செவ்வகம் என்றீர்கள், இன்னொரு பக்கம் படத்தில் 157 லிங்க். 191-ஐ 157-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 29.99, பத்திரத்தில் உள்ள அதே 30 சென்ட். மற்ற இரண்டு பக்கங்களையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.