ஆறன்முளைக் கண்ணாடியில் டாகரோடைப் எடுக்க முடியுமா?

அன்புள்ள சார்,

மெருகேற்றிய வெள்ளித் தகட்டின் மேலேயே படம் விழவைக்கும் பழைய புகைப்பட முறையான டாகரோடைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, இன்றைக்கும் அந்த முறையில் படம் எடுக்கும் தகாஷி அராய், ஜெரி ஸ்பாக்னோலி ஆகியோரின் படங்களைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் களியக்காவிளை. வடசேரியில் கோவில் நகை செய்யும் சொந்தக்காரர்கள் உண்டு, அதனால் வெள்ளியும் முலாமும் எனக்குப் புதிதல்ல. செய்து பார்க்க ஆசை. ஆறன்முளைக் கண்ணாடியையே தகடாக வைத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் சாமி கவசம் அடிக்கும் வெள்ளித் தகடு சரிப்படுமா? பாதரசம் இல்லாமல் முடியாதா? இன்னொன்று. திருவனந்தபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் பழைய தகடு ஒன்று இருக்கிறது. பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது. ஓரமெல்லாம் நீலமும் பழுப்புமாக இருக்கிறது. துடைக்கலாமா?

ர., களியக்காவிளை

அன்புள்ள ர.,

ஆறன்முளைக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வார்ப்பு. எவ்வளவு பளபளத்தாலும் அதில் வெள்ளி கிடையாது. டாகரோடைப்பில் ஒளியை வாங்குவது வெள்ளி அயோடைடு. வெள்ளிப் பரப்பின் மேல் அயோடின் ஆவி பட்டால்தான் அது உண்டாகும். கவசத் தகடும் வேண்டாம். அடித்த தகட்டில் சுத்தியலின் மேடுபள்ளம் இருக்கும், வெள்ளியில் செம்பும் கலந்திருக்கும். 999 தரச் சுத்த வெள்ளித் தகட்டில் படம் விழும், ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் அந்த விலை கட்டுப்படியாகாது. ஏறத்தாழ 1 மி.மீ. கனமுள்ள செம்புத் தகட்டை முதலில் கண்ணாடிபோல மெருகேற்றி, அதன்மேல் மின்முலாமாக வெள்ளி ஏற்றுவதுதான் நடைமுறை.

முலாம் பட்டறையில் மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். அலங்காரப் பொருளுக்கு அவர்கள் ஏற்றுவது ஓரிரு மைக்ரான்தான், அது முதல் மெருகிலேயே தேய்ந்து செம்பு தெரிந்துவிடும். 15 முதல் 20 மைக்ரான் கேளுங்கள், ஒரே தகட்டை நாலைந்து தடவை மெருகேற்றிப் பயன்படுத்தலாம். அடுத்தது, வெள்ளி கறுக்காமலிருக்கக் கடைசியில் ஒரு ரசாயனத்தில் முக்குவார்கள், அல்லது லாக்கர் அடிப்பார்கள். அது வேண்டாம் என்று சொல்லாவிட்டால் பழக்கத்தில் அடித்தே தருவார்கள். லாக்கர் இருக்கும் இடத்தில் அயோடின் ஏறாது. மூன்றாவது, செம்பிலிருக்கும் கீறல் முலாமுக்குப் பின்னும் தெரியும், ஆகவே செம்பின் மெருகை அவர்களிடம் விடாதீர்கள். முலாம் தொட்டியில் இருப்பது சயனைடு. அந்த வேலையை வீட்டில் செய்துபார்க்கும் எண்ணமே வரக்கூடாது.

மெருகில்தான் பெரும்பாலான தகடுகள் கெடுகின்றன. நகைப் பட்டறையில் மெருகுக்குப் பயன்படும் ரூஜ் (சிவப்பு இரும்பு ஆக்சைடு) கட்டியில் மெழுகு கலந்திருக்கும். பஃபிங் சக்கரத்தில் தகடு வைரம்போல மின்னும், ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் நிற்கும். அயோடின் திட்டுத்திட்டாக ஏறுவதற்கு அதுதான் காரணம். கடைசிக் கட்டத்துக்கு வெல்வெட் அல்லது மான்தோல் ஒட்டிய நீண்ட பலகை, உலர்ந்த ரூஜ் தூள், அதற்கப்பால் தூள் இல்லாத இன்னொரு பலகை, இவ்வளவு போதும். தகட்டின் மேல் மெல்ல ஊதிப் பாருங்கள். மூச்சின் பனி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக விலகினால் தகடு சுத்தம். பிறகு தகட்டை லேசாகச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, இன்னும் சில இழுப்புகள். கடைசி இழுப்புகள் படத்தின் குறுக்குவாக்கில், அதாவது சுவரில் மாட்டும்போது கிடைக்கோடாக வரும்படி இருக்க வேண்டும். ஏன் என்பதைக் காட்சிக்கு வைப்பது பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

பாதரசம் இல்லாமல் முடியும். இதைக் கண்டுபிடித்த டாகேரின் முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கரல், அயோடின் மட்டும் ஏற்றிய தகட்டில் விழுந்த மறைபடத்தை (ஒளி பட்டும் கண்ணுக்கு இன்னும் தெரியாத படத்தை)ச் சிவப்பு ஒளியே வளர்த்துக் காட்டும் என்று கண்டுபிடித்தார். தகட்டின் வேகத்தைக் கூட்டச் சேர்க்கும் புரோமினுக்கு இதில் இடமில்லை, சேர்த்தால் இந்த முறை வேலை செய்யாது. டாகேரின் முறையில் மறைபடத்தை வளர்ப்பது பாதரச ஆவி. பாதரசத்தைச் சூடாக்கி ஆவியில் காட்டுவது முறையான புகைபோக்கிக் கூண்டு உள்ளவர்களுக்கான வேலை. நிறமற்ற, வாசனையற்ற அந்த ஆவியை வீட்டு அறையில் வைத்துக்கொண்டு கலை செய்ய வேண்டியதில்லை. பாதரசப் படத்தின் மென்மையான இடைநிறங்கள் பெக்கரலில் அப்படியே வராது என்று வாதிடுவோர் உண்டு. தொடங்குகிறவருக்கு அந்த வாதம் தேவையில்லை.

அயோடின் பெட்டி எளியது. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அயோடின் படிகங்களைப் பரப்பி, மேலே நெருக்கமாக மூடும் கண்ணாடிப் பலகை வையுங்கள். அதை விலக்கித் தகட்டைக் கவிழ்த்து வைப்பதுதான் வேலை. நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பொன்னாகி, ரோஜாவாகி, பிறகு நீலத்துக்கும் பச்சைக்கும் ஓடும். பொன்மஞ்சளுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் நிறுத்துங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள நேரக்கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது. 20 டிகிரியில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆவியழுத்தம் 30 டிகிரியில் இருக்கும். நிறம் வேகமாக ஓடும், ஓரங்கள் முந்திக்கொள்ளும். பாதி நேரத்தில் தகட்டைத் திருப்பி வையுங்கள். நிறம் பார்க்க மங்கலான விளக்கில் வெள்ளைத் தாளின் பிரதிபலிப்பைத் தகட்டில் பார்ப்பார்கள். அந்த ஒளி பட்டதன் விளைவை அழிக்க, இருட்டில் இன்னொரு சில நொடி அயோடின் காட்டினால் போதும்.

எக்ஸ்போஷர் நல்ல வெயிலிலும் சில நிமிடங்கள். நீலமும் புற ஊதாவும் மட்டுமே தகட்டுக்குத் தெரியும், அதனால் லைட் மீட்டரை நம்பாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்தால் ஓட்டுக் கூரையும் மரவேலையும் கறுப்பாக விழும், சுண்ணாம்புச் சுவர் அளவு மீறி நீலமாகத் திரும்பும். ஆளை உட்கார வைக்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ், ஸ்பாக்னோலியுடன் சேர்ந்து எடுத்த முகப்படங்களுக்கு மிகக் கடுமையான ஃபிளாஷ் ஒளி தேவைப்பட்டது. சாதாரண ஸ்டுடியோ ஃபிளாஷுக்கு அயோடின் தகடு அசையாது. இடவல மாற்றமும் உண்டு. உங்கள் ஊர்ச் சந்திப்பில் தமிழும் மலையாளமுமாக இருக்கும் பலகைகள் இரண்டுமே திரும்பித் தெரியும். லென்ஸுக்கு முன் 45 டிகிரியில் முன்பரப்பு வெள்ளி பூசிய கண்ணாடி வைத்தால் நேராகும், அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் விலை.

வளர்ப்பதற்குத் தகட்டின் மேல் ரூபிலித் என்னும் சிவப்பு ஃபிலிமை இரட்டையாக வைத்து, ஹாலோஜன் விளக்கின் கீழே ஓரிரு மணி நேரம். விளிம்பில் மயிரிழை இடைவெளி வழியே வெள்ளை ஒளி நுழைந்தாலும் அங்கிருந்து மூட்டம் பரவும், கறுப்பு டேப்பால் நாலுபுறமும் அடையுங்கள். சூடு ஏறாமல் சின்ன விசிறி ஒன்று ஓடட்டும். பிறகு படத்தை நிலைநிறுத்த ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்), லிட்டருக்கு 10 முதல் 20 கிராம். பிங்க், மஞ்சள் சாயல் முழுதும் போனதும் காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். கிணற்று நீரிலுள்ள குளோரைடு பின்னால் பழிவாங்கும்.

படத்தின் மேல் மெல்லிய பொன் படலம் ஏற்றி உறுதியாக்கும் பொன்னேற்றம், 1840இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ சொன்னது. கணக்கு ஏறத்தாழ இது: ஒரு லிட்டரில் 1 கிராம் பொன் குளோரைடு, 3 முதல் 4 கிராம் ஹைப்போ. இரண்டையும் தனித்தனி நீரில் கரைத்து, பொன்னை ஹைப்போவுக்குள் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தலைகீழாக ஊற்றினால் கரைசல் கெடும். தகட்டை மட்டம் பார்த்து வைத்து, விளிம்புவரை கரைசலை நிரப்பி, அடியில் ஸ்பிரிட் விளக்கு காட்டினால் படம் முதலில் கறுத்து, பிறகு தெளிந்து வெளுக்கும். குமிழி வர ஆரம்பித்ததும் விளக்கை ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. அதிகம் போனால் படலம் செதிளாக உரியும். தீ கையாளத் தெரிந்த உங்கள் வடசேரி சொந்தக்காரர்களின் உதவி உண்மையில் தேவைப்படுவது இங்கேதான்.

காட்சிக்கு வைப்பது பாதி வேலை. தகடு கண்ணாடி. படத்தின் கருமையான இடம் எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் நெகட்டிவ்தான் தெரியும், இருட்டாக இருந்தால்தான் பாசிட்டிவ். உங்கள் நண்பர் வீட்டில் நீங்கள் பார்த்தது அதுதான், கறுப்புத் துணியை எதிரே பிடித்துக்கொண்டு சாய்த்துப் பாருங்கள். காட்சிக்கூடத்தில் எதிர்ச்சுவருக்குக் கறுப்போ கருநீலமோ பூசி, விளக்கைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மெருகுக் கோடுகள் கிடையாக இருந்தால் பக்க ஒளியில் அவை மறைந்துவிடும். மேலிருந்து ஸ்பாட் லைட் அடித்தால் அத்தனை கோடும் சாம்பல் படலமாக எழும்பி, இத்தனை உழைப்பையும் தின்றுவிடும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவை எடுத்த பின் டான் (Binh Danh) என்ற கலைஞர், பார்ப்பவரின் உருவம் நிலக்காட்சிக்குள் விழுவதையே தன் படங்களின் பொருளாக ஆக்கிக்கொண்டார். அராய், 1954இல் பிகினி அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த மீன்பிடிப் படகைச் சிறு சிறு தகடுகளாக எடுத்துச் சேர்த்துப் பெரிய படமாக வைத்தார். பெரிய தகட்டைச் சீராக மெருகேற்றுவதும் சீராக அயோடின் ஏற்றுவதும் எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த முடிவில் அழகியல் மட்டுமல்ல, புத்திசாலித்தனமும் தெரியும்.

உங்கள் பகுதியில் கடற்காற்றின் உப்பு வேறு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் தகட்டைக் கண்ணாடிக்குள் மூடிக் கட்டாதீர்கள், உள்ளே அடைபடும் ஈரம் வெளியேறாது. ஏசி அறையில், தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற அட்டைச் சட்டம் வைத்து, நாலு விளிம்பும் டேப் ஒட்டி மூடுங்கள். நியூயார்க்கில் 2005இல், பத்தொன்பதாம் நூற்றாண்டு பாஸ்டன் டாகரோடைப் கலைஞர்களான சவுத்வொர்த், ஹாவ்ஸ் இருவரின் தகடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோதே பலவற்றின் மேல் வெண்மூட்டம் படர்ந்தது. அருங்காட்சியகப் பாதுகாப்பில் இருந்தவற்றுக்கே அந்தக் கதி.

நண்பரின் தகட்டைத் துடைக்க வேண்டாம். விபூதி, ரூஜ், கடையில் விற்கும் சில்வர் டிப் எதுவும் கூடாது. படம் பரப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் நுண்துகள்தான், பொன்னேற்றம் இல்லாத தகடென்றால் விரல் பட்டாலே போய்விடும். தயோயூரியா கலந்த டிப்பில் முக்கப்பட்ட பழைய தகடுகள் பல பின்னாளில் பழுப்புப் புள்ளிகளாகப் பூத்துவிட்டன. பழைய மூடுகண்ணாடியின் உட்புறத்தில் வியர்வைபோலத் துளிகள் இருந்தால், கண்ணாடியை மட்டும் மாற்றிப் புது டேப் ஒட்டச் சொல்லுங்கள். அதையும் ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர் செய்யட்டும். ஓரத்து நீலம் அப்படியே இருக்கட்டும்.