ஹைட்ரஜனில் மோதிய எலக்ட்ரான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை இயற்பியல் படிக்கிறேன். ஆர்கான் அணுவில் எலக்ட்ரான் சிதறுவதைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். அளவீட்டில், எலக்ட்ரானின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கீழே போகும்போது, எவ்வளவு சிதறுகிறது என்று காட்டும் வரைபடம் பள்ளமாக இறங்குகிறது. என் கணக்கில் பள்ளமே இல்லை. கணக்கும் அளவீடும் மோதினால் கணக்குதான் தவறு என்று எப்போதும் எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆர்கானில் கணக்குதான் தவறு. அந்தப் பள்ளத்தை ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் ராம்சாவர் 1921இலேயே கண்டுவிட்டார். மெதுவான எலக்ட்ரான்கள் அணுக்களே இல்லாததுபோல் வாயுவைக் கடந்து போயின. எலக்ட்ரானை அலையாகப் பார்த்த பிறகுதான் அது விளங்கியது.

ஆனால் ‘எப்போதும்’ என்கிறீர்களே, அங்குதான் எனக்கு ஹைட்ரஜன் நினைவுக்கு வருகிறது. 54.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓர் எலக்ட்ரான் வந்து மோதுகிறது. அதில் 10.2ஐ வாங்கிக்கொண்டு அணு 2பி என்ற உயர் ஆற்றல் நிலைக்கு ஏறி, 121.6 நானோமீட்டர் புறஊதா ஒளியை உமிழ்ந்து இறங்குகிறது. இதை அளக்க, சிதறிய எலக்ட்ரானையும் அதே மோதலில் பிறந்த ஃபோட்டானையும் (ஒளித்துகள்) ஜோடியாகப் பிடிக்க வேண்டும். மூலக்கூறுகளை உடைத்துத்தான் ஹைட்ரஜன் அணுக்களைப் பெற முடியும். உடையாதவையும் கற்றையில் கலந்திருக்கும். பெரிய கோணங்களில் சிதறும் எலக்ட்ரான்களோ மிகவும் சொற்பம். இவ்வளவு சிரமத்துக்கு நடுவில், 1980ஐ ஒட்டி இரண்டு குழுக்கள் அளந்து முடித்தன. பெரிய கோணங்களில் எந்தக் கணக்கும் அந்த அளவீடுகளோடு பொருந்தவில்லை.

1992இல் ஆஸ்திரேலியாவில் இகோர் பிரேயும் ஆண்ட்ரிஸ் ஸ்டெல்போவிக்ஸும் இதைக் கணக்கிட வேறு வழியில் போனார்கள். எலக்ட்ரான் அணுவை விட்டே பிரியும் நிலைகளையும் சேர்த்து, விடை அசையாமல் நிற்கும்வரை நிலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அயனியாக்க (எலக்ட்ரான் அணுவை விட்டுப் பிரிவது) அளவீடுகளோடு அவர்கள் கணக்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் இந்தப் பெரிய கோணங்களின் அளவீடுகளோடு மட்டும் பொருந்தவில்லை. பொருந்துவதற்காகக் கணக்கை வளைக்காமல், வந்த விடையை அப்படியே வெளியிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை அதனால்தான். 1997இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் மறுபடி அளந்தார்கள். புதிய புள்ளிகள் அந்தக் கணக்கின் கோட்டை ஒட்டியே விழுந்தன. அங்கே தவறியது பழைய அளவீடுதான், கணக்கு அல்ல.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மெதுவாக வரும் எலக்ட்ரான் ஆர்கானின் எலக்ட்ரான் மேகத்தையே சற்று இழுத்து உருமாற்றும். அந்த முனைவாக்க விசையைச் சேர்த்தீர்களா? உறைந்த அணுவாக வைத்துக் கணக்கிட்டால் பள்ளம் வராது. சேர்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

அன்புடன்.