ரெய்டில் துணைநிற்கும் பாத்திரம்: பில்டு பற்றிய கேள்விகளும் பதில்களும்

கில்ட் வார்ஸ் 2 என்ற இணைய விளையாட்டில் ரெய்டுகளுக்கான (பெரிய எதிரிகளைக் குழுவாக எதிர்கொள்ளும் சவால்களுக்கான) துணைப் பாத்திரத்தின் பில்டை, அதாவது திறன்கள், கவசம் முதலியவற்றின் தொகுப்பை, அமைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில், ஒன்றோடொன்று தொடர்புள்ள சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எண்கள் யாவும் 80ஆம் நிலைப் பாத்திரத்துக்கு உரியவை.

கேள்வி: இதுவரை டேமேஜ் பில்டுகளை மட்டுமே ஆடியிருக்கிறேன். என்னிடம் கார்டியன், ரேஞ்சர், எஞ்சினியர் ஆகிய மூன்றும் 80ஆம் நிலையில் உள்ளன. ரெய்டில் துணைநிற்க எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், நீங்கள் சேரப்போகும் குழுவில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். ரெய்டு ஸ்குவாட்டில் 10 பேர் இருப்பார்கள். பெரும்பாலான பூன்கள் (கூட்டாளிகளுக்குத் தற்காலிகமாகத் தரும் வலுவூட்டல்கள்) ஒரே வேளையில் ஐந்து பேரையே சென்றடைவதாலும், அந்த ஐந்து பேரில் தருபவரும் அடங்குவதாலும், ஸ்குவாட்டை ஐந்தைந்து பேராக இரண்டு சப்குரூப்களாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு சப்குரூப்புக்கும் இடைவிடாத குயிக்னஸும் இடைவிடாத அலாக்ரிட்டியும் வேண்டும். குயிக்னஸ் உள்ளவரின் செயல்கள் 50 சதவீதம் வேகமாக நடக்கும். ஒன்றரை விநாடி பிடிக்கும் தாக்குதல் ஒரே விநாடியில் முடிந்துவிடும். அலாக்ரிட்டி கூல்டவுனை, அதாவது ஒரு திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரத்தை, 25 சதவீதம் வேகப்படுத்தும். 10 விநாடிக் கூல்டவுன் 8 விநாடியாகும்.

இவ்விரண்டையும் தருவதற்கு ஒரு சப்குரூப்பில் இருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஹீலராகவும், மற்றவர் பூன் கொடுத்துக்கொண்டே ஓரளவு டேமேஜும் செய்பவராகவும் அமைவார். ஆக மொத்தம் நான்கு துணைப் பாத்திரங்களும், டேமேஜுக்கென்றே ஆறு பேரும் தேவை. ஹீலர் குயிக்னஸ் தருகிறார் என்றால் அவருடைய இணை அலாக்ரிட்டி தர வேண்டும். அவர் அலாக்ரிட்டி தந்தால் இணை குயிக்னஸ் தர வேண்டும். இந்தச் சேர்க்கை பொருந்தாத இடத்தில் எவ்வளவு சிறந்த பில்டும் வீண்தான்.

உங்கள் மூன்று வகுப்புகளில் கார்டியன் ஃபயர்பிராண்ட் என்ற சிறப்புப் பிரிவை எடுத்தால் குயிக்னஸ் தரும்; அதுபோலவே ரேஞ்சர் ட்ரூயிடாக அலாக்ரிட்டி தரும்; எஞ்சினியரோ ஸ்க்ராப்பராகக் குயிக்னஸையும் மெக்கானிஸ்டாக அலாக்ரிட்டியையும் தரக்கூடியது. வேறு விருப்பம் எதுவும் இல்லையென்றால் எஞ்சினியரிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு வகைக் காலியிடங்களையும் நிரப்பலாம் என்பது ஒரு காரணம். எஞ்சினியரும் ரேஞ்சரும் நடுத்தர எடைக் கவசம் அணிபவர்கள் என்பதால், ஒருவருக்குச் சேர்த்த அசெண்டட் (உயர்ந்த தர) ஹீலர் கவசத்தைப் பின்னாளில் மற்றவருக்கும் மாற்றிப் போடலாம் என்பது இன்னொன்று. இருந்தாலும், உங்கள் விரல்களுக்கு ஏற்கெனவே பழகிய வகுப்பு ஒன்று இருக்குமானால் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதையே எடுங்கள். கண்ணைப் பாஸின் (ரெய்டின் பெரிய எதிரியின்) மீது வைத்தபடியே திறன்களை அழுத்தத் தெரிந்திருப்பதுதான் ரெய்டில் முதலில் உதவும்.

கேள்வி: பூன்களின் நீளத்தைக் கூட்டும் கான்சன்ட்ரேஷனை 1500 வரை ஏற்றி 100 சதவீதம் ஆக்கிவிட்டேன். ஆனால் என் டேமேஜ் மிகவும் குறைவு என்கிறார்கள். எவ்வளவு இருந்தால் போதும்?

நீங்கள் பூன் டேமேஜ் இடத்தில் ஆடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் தேவைக்கு மேல் சேர்த்த ஒவ்வொரு புள்ளியும் டேமேஜைக் கூட்டும் பவர், பிரிசிஷன், ஃபெராசிட்டி ஆகியவற்றிலிருந்து பிடுங்கப்பட்டதாகும்.

15 கான்சன்ட்ரேஷன் புள்ளிகள் பூன் நீளத்தை 1 சதவீதம் கூட்டுகின்றன. 100 சதவீதமே உச்சவரம்பு. எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் திறன்களின் எண்களிலிருந்து நீங்களே கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, ஒரு திறன் இயல்பாக 5 விநாடி குயிக்னஸ் தருகிறது என்றும், அதன் கூல்டவுன் 10 விநாடி என்றும் வைத்துக்கொள்வோம். இணையிடமிருந்து அலாக்ரிட்டி வந்துகொண்டிருந்தால் அது 8 விநாடிக்கு ஒருமுறை கிடைக்கும். 5 விநாடியை 8 விநாடியாக நீட்டினால் இடைவெளி விழாது. அதற்கு 60 சதவீதம், அதாவது 900 புள்ளிகள் போதும். மீதி 600 புள்ளிகளும் அந்தக் குயிக்னஸைப் பொறுத்தவரை எதையும் செய்வதில்லை.

கணக்கில் வந்த அளவோடு நின்றுவிடாமல் சிறிது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் பாஸின் தாக்குதலைத் தவிர்க்க உருளும்போதோ தள்ளப்பட்டு விழும்போதோ திறனை உரிய விநாடியில் அழுத்த முடியாமல் போகும். கவசம் முழுவதையும் கான்சன்ட்ரேஷன் உள்ள டிவைனர் வகையில் எடுத்தவர்கள், அணிகலன்களில் இரண்டு மூன்றை டேமேஜுக்கே உரிய பெர்செர்கர் வகைக்கு மாற்றி, பூன் எப்போது அறுந்துபோகிறது என்று பார்த்துக்கொண்டே படிப்படியாகக் குறைத்து வருவது நல்ல முறை. ஹீலர்களுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. மைட் போன்ற அடுக்கு பூன்களும் பாதுகாப்பு பூன்களும் நீளத்தைக் கூட்டக் கூட்டப் பயன் தந்துகொண்டே இருப்பதால் அவர்கள் உச்சவரம்பை நோக்கிச் செல்வதில் தவறில்லை. மைட்டின் ஓர் அடுக்கு 30 பவரும் 30 கண்டிஷன் டேமேஜும் (தீ, நஞ்சு போல் நேரம் செல்லச் செல்லத் தாக்கும் டேமேஜ்) தரும். 25 அடுக்குகள் நிறைந்தால் ஆளுக்கு 750. ஐந்து பேருக்கு அதை நிலைநிறுத்தும் ஹீலர் தன் பங்குக்குப் பெரும் டேமேஜைச் சேர்த்தவராகிறார்.

கேள்வி: பயிற்சி கோலெம் (அடித்துப் பழகும் பொம்மை எதிரி) முன்னால் குயிக்னஸ் முழுமையாக நிற்கிறது. ரெய்டுக்குள் போனால் அடிக்கடி அறுந்துவிடுகிறது. என் பில்டில் குறையா?

பெரும்பாலும் இல்லை. பயிற்சிக் களத்தில் எல்லாப் பூன்களையும் உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டு சோதித்திருப்பீர்கள்; அங்கே அலாக்ரிட்டி ஒருபோதும் தீர்வதில்லை. மேலே சொன்ன கணக்கையே திரும்பப் பாருங்கள். 900 புள்ளிகளோடு 8 விநாடி நிற்கும் குயிக்னஸ், அலாக்ரிட்டி வராத குழுவில் 10 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். ஆக ஐந்தில் ஒரு பங்கு நேரம் குயிக்னஸே இருக்காது. குறை உங்கள் இணையினுடையது. பழி விழுவதோ உங்கள் மேல். இது துணைப் பாத்திரம் ஆடுவோர் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் சங்கடம். ஆகவே முதலில் உங்கள் மீது அலாக்ரிட்டி எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பூன் தரும் திறன்களுக்கு ஆரம் உண்டு. அந்த ஆரத்துக்கு வெளியே நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் ரெய்டின் முதல் பாஸான வேல் கார்டியனுடனான போரில் அவ்வப்போது பச்சை வட்டம் ஒன்று தோன்றும். அதற்குள் நான்கு பேர் நிற்காவிட்டால் ஸ்குவாட் முழுவதும் தன் உயிர்ப்புள்ளிகளில் பெரும்பகுதியை ஒரே அடியில் இழக்கும். அந்த நால்வரில் ஒருவராகக் குயிக்னஸ் தருபவரே ஓடினால் அவருடைய சப்குரூப்பில் எஞ்சியவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். இதைப் போர் தொடங்குமுன் பேசி முடிவுசெய்ய வேண்டும். சப்குரூப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே சப்குரூப்பில் கிடந்தால் உங்கள் பூன் யாரைச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: ஹீலருக்கு ஹாரியர் கவசமா, மின்ஸ்ட்ரல் கவசமா?

குழுத் தலைவர் உங்களை டேங்காக (பாஸின் அடிகளைத் தன் மேல் வாங்குபவராக) நிற்கச் சொல்லாத வரை ஹாரியர்.

ஹாரியரில் பவர் முதன்மையாகவும், ஹீலிங் பவரும் கான்சன்ட்ரேஷனும் அதற்கு அடுத்தபடியாகவும் இருக்கும். மின்ஸ்ட்ரலில் அடிகளின் டேமேஜைக் குறைக்கும் டஃப்னஸும் ஹீலிங் பவரும் முதன்மை. வைட்டாலிட்டியும் கான்சன்ட்ரேஷனும் துணை. புதியவர்கள் மின்ஸ்ட்ரலின் தாக்குப்பிடிக்கும் வலுவைக் கண்டு மயங்குவது இயல்புதான். ஆனால் வேல் கார்டியன் உள்ளிட்ட சில பாஸ்கள், ஸ்குவாட்டில் யாருக்கு டஃப்னஸ் அதிகமோ அவரையே துரத்துகின்றன. எல்லோருக்கும் அடிப்படையாக 1000 டஃப்னஸ் இருப்பதால், டேங்காக நியமிக்கப்பட்டவர் அதற்கு மேல் சிறிதளவு மட்டும் வைத்துக்கொண்டு நிற்பது உண்டு. அப்போது மின்ஸ்ட்ரல் அணிந்த ஹீலர் ஒருவர் உள்ளே நுழைந்தால் பாஸ் அவர் பக்கம் திரும்பும். அவர் நகர நகர அதுவும் நகரும். பின்புறம் நின்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறுவார்கள். ஹாரியரின் பவர் ஹீலருக்கு அவ்வளவாகப் பயன்படாது என்று குறைசொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். ஆனாலும் பயன்படாத பவரால் யாருக்கும் கேடில்லை. வேண்டாத டஃப்னஸால் உண்டு.

டேங்காகவும் ஹீலராகவும் ஒருவரே ஆடும் குழுக்களில் மின்ஸ்ட்ரலுக்கு நல்ல இடம் இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்குமுன் ஸ்குவாட்டில் ஒவ்வொருவருடைய டஃப்னஸையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அசெண்டட் கவசம் இல்லாமல் ரெய்டுக்குள் போகலாமா? அகனி எதிர்ப்பு எவ்வளவு வேண்டும்?

அசெண்டட்டுக்கு ஒரு படி கீழான எக்ஸாட்டிக் கவசம் போதும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதே. முடிந்தால் அணிகலன்களை மட்டும் முதலில் அசெண்டட் ஆக்குங்கள், அவற்றை எல்லா வகுப்புகளும் பகிர்ந்துகொள்ளலாம். அகனி எதிர்ப்பு ஃப்ராக்டல்கள் என்ற வேறு வகைக் குழுச் சவால்களுக்கானது. ரெய்டில் அதற்கு வேலையில்லை.

கேள்வி: ஹீலராகத் தொடங்குவதா, பூன் டேமேஜ் இடத்தில் தொடங்குவதா? எது எளிது?

பூன் டேமேஜ் இடமே எளிது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த இடத்தில் ஒரு சுழற்சியை (திறன்களின் குறிப்பிட்ட வரிசையை) பிசகாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் பூனும் போகும், டேமேஜும் போகும். ஹீலருக்குச் சுழற்சியில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் அடுத்து என்ன தாக்குதல் வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, ஒரு பாஸை ஏற்கெனவே வேறு வேடத்தில் பலமுறை சந்தித்தவர் அங்கே ஹீலராகப் போவதும், எதையும் பார்த்திராதவர் பூன் டேமேஜில் தொடங்குவதும் பொருத்தம்.

புதியவர்கள் நிறைந்த குழுவுக்குள் போகிறவர்கள் டேமேஜைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2015 நவம்பரில் வெளிவந்த முதல் ரெய்டுப் பகுதியான ஸ்பிரிட் வேலில் முதலில் எதிர்ப்படும் வேல் கார்டியனுக்கு ஏறத்தாழ 2.2 கோடி உயிர்ப்புள்ளிகள். கால எல்லை 8 நிமிடம். வகுத்துப் பார்த்தால் பத்துப் பேரும் சேர்ந்து விநாடிக்கு 46,000 அளவுக்கு அடித்தால் போதும். இடையில் இருமுறை அது மூன்று காவலர்களாகப் பிரியும்போது செலவாகும் நேரத்தைக் கழித்தாலும், இன்றைய பில்டுகளுக்கு அது கடினமான இலக்கு அன்று. அத்தகைய குழுக்கள் தோற்பது பெரும்பாலும் நேரம் போதாமல் அன்று, ஆட்கள் விழுவதால். அங்கே எல்லோரையும் நிற்கவைக்கும் ஹீலர் பில்டு, ஏட்டில் எவ்வளவு மந்தமாகத் தெரிந்தாலும், சரியான தேர்வே.

கேள்வி: வழிகாட்டியில் கொடுத்த பில்டை அப்படியே எடுத்துவைத்திருக்கிறேன். அதில் எதையாவது மாற்றலாமா?

மாற்றத்தான் வேண்டும், ஆனால் எதை மாற்றுவது என்பதில் கவனம் தேவை. குயிக்னஸையோ அலாக்ரிட்டியையோ உண்டாக்கும் டிரெய்ட்டுகளையும் திறன்களையும் தொடாதீர்கள். அவை பில்டின் முதுகெலும்பு. அதற்கு வெளியே உள்ள யுட்டிலிட்டித் திறன்கள் பாஸுக்குப் பாஸ் மாற வேண்டியவை. வழிகாட்டிகள் ஒரு பொதுவான தொகுப்பை மட்டும் கொடுத்துவிட்டு இதைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்வதால் பலருக்கு இது பதிவதில்லை.

வேல் கார்டியன் மூன்றாகப் பிரியும்போது நீலக் காவலரைக் காக்கும் பூன் விளைவை நீக்கினால்தான் அவரை அடிக்க முடியும். ஸ்குவாட்டில் மெஸ்மரோ நெக்ரோமான்சரோ இருந்தால் எதிரியின் பூன்களை நீக்கும் திறன் ஒன்றை எடுத்துவைப்பது அவர் கடமை. அவர் துணைப் பாத்திரமாக இருந்தாலும் சரி. சிவப்புக் காவலரோ கண்டிஷன் டேமேஜுக்கு மட்டுமே மசிவார். இரண்டாம் ரெய்டுப் பகுதியில் வரும் மத்தியாஸ் தன்னைச் சுற்றி எழுப்பும் கவசத்தை, அவன் எறிபவற்றை அவன் மீதே திருப்பியனுப்பி உடைக்க வேண்டும். அங்கே கார்டியன் ‘வால் ஆஃப் ரிஃப்ளெக்‌ஷன்’ திறனையும், மெஸ்மர் ‘ஃபீட்பேக்’ திறனையும் கொண்டுவருவார்கள் என்று ஸ்குவாட் எதிர்பார்க்கும். ஹீலர் அதற்காகத் தன் குணப்படுத்தும் திறன்களில் ஒன்றை இழக்க நேரிட்டாலும் அது நல்ல பரிமாற்றமே. பெரிதாகத் தள்ளிவிடும் தாக்குதல்கள் உள்ள பாஸ்களுக்கு ஸ்டெபிலிட்டி தரும் திறனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர்பிராண்ட் வைத்திருப்பவர்களுக்கு அதன் மூன்றாம் நூலான ‘டோம் ஆஃப் கரேஜ்’ எப்போதும் கைவசம் இருக்கும், இது அந்த வகுப்பை ரெய்டுத் தலைவர்கள் விரும்புவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: சமநிலை மாற்றங்களில் பில்டு ஒரே நாளில் பயனற்றுப்போனால் என்ன செய்வது?

2022 ஜூன் 28 அன்று வந்த மாற்றம் அப்படிப்பட்டதுதான். வாரியரின் கொடிகளும் ரேஞ்சரின் ஆவிகளும் மட்டுமே தந்துவந்த தனிச்சிறப்பான வலுவூட்டல்கள் நீக்கப்பட்டன. அவற்றையே நம்பி ரெய்டுக் குழுக்களில் நிலையான இடம் பெற்றிருந்த பில்டுகள் அன்றோடு பழையவையாகின. ஆனால் பிறகு வந்த ஏற்பாடுகளில் குயிக்னஸ், அலாக்ரிட்டி ஆகியவற்றின் தேவை குறையவேயில்லை; தருபவர்கள்தாம் பெருகினார்கள். ஆகவே ஒரு வகுப்பின் தனித்திறனுக்காகச் செலவழிப்பதைவிட, எந்த வகுப்புக்கும் மாற்றக்கூடிய ஹாரியர் அணிகலன்களிலும் டிவைனர் அணிகலன்களிலும் செலவழியுங்கள்.

கேள்வி: போர் முடிந்ததும் பதிவைப் பார்த்தால் மற்ற ஹீலரைவிட நான் குணப்படுத்திய அளவு பாதிதான். நான் மோசமாக ஆடுகிறேனா?

அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். உங்கள் சப்குரூப்பில் புரொடெக்‌ஷன் நிலையாக நின்றிருந்தால் நேரடி அடிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும்; ஏஜிஸ் தடுத்த அடி குணப்படுத்தலில் பதிவாகவே ஆகாது. மற்ற ஹீலரின் சப்குரூப் நெருப்பில் நின்றே ஆடியிருந்தால் அவருடைய எண் தானாகவே ஏறும். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: உங்கள் பொறுப்பிலுள்ள பூன் உங்கள் சப்குரூப்பில் எத்தனை சதவீத நேரம் நின்றது, மைட் சராசரியாக எத்தனை அடுக்கு இருந்தது, உங்கள் ஐவரில் யார் எப்போது எந்தத் தாக்குதலில் விழுந்தார்கள். பூன் நின்ற நேரம் 90 சதவீதத்துக்கு மேலும், மைட் 25 அடுக்குகளில் 90 சதவீதத்துக்கு மேலும் இருந்து மூன்றாவது பட்டியல் காலியாக இருந்தால், அடுத்த முறை கவசத்தில் சிறிது ஹீலிங் பவரைக் குறைத்து டேமேஜ் பக்கம் திருப்பிப் பாருங்கள்.