மூன்றாவது தீர்மானம்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 33. உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆறு வருடங்களாக ஜனவரி 1ஆம் தேதி புது டைரியின் முதல் பக்கத்தில் தீர்மானங்கள் எழுதி வருகிறேன். முன்பெல்லாம் பத்து, பன்னிரண்டு எழுதுவேன். ஒன்றும் நடக்காததால் இந்த வருடம் மூன்றாகக் குறைத்துக்கொண்டேன். காலை 5 மணிக்கு எழுந்திருப்பது. இரவு 10 மணிக்கு மேல் செல்போனைத் தொடாமல் இருப்பது. அப்பாவிடம் எரிந்து விழாமல் இருப்பது. அப்பாவுக்கு இரண்டு வருடமாக ஞாபக மறதி. கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பார்.

பொங்கல் வரை ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாக விட்டுப்போனது. தூங்கும் முன் டைரி எழுதுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. போன வாரம் புரட்டிப் பார்த்தேன். "இன்றும் தவறினேன்" என்ற வரி 47 இடங்களில் இருக்கிறது. படிக்கப் படிக்க என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. காப்பாற்ற முடியாதவன் தீர்மானம் எடுக்காமலே இருந்துவிடுவது நல்லதா? மனதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தால் வெறுப்புதான் மிஞ்சுகிறது. எப்படித்தான் பார்ப்பது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் தடவை படித்தபோது ஐந்து மணியையும் செல்போனையும் பற்றி ஏதேதோ எழுதத் தோன்றியது. இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தேன், கண் வேறோர் இடத்தில் போய் நின்றுவிட்டது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

தீர்மானம் எடுப்பதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எடுத்த விதத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா லாரி ஷெட்டில் மெக்கானிக். வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுவார். 41 நாள் விரதம். விடியும் முன் பச்சைத் தண்ணீரில் ஒரு குளியல், சாயங்காலம் இன்னொன்று. கறுப்பு வேட்டி. காலில் செருப்பு கிடையாது, வீட்டில் கவுச்சி கிடையாது. தரையில் துண்டை விரித்துப் படுப்பார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறவர், அந்த 41 நாளும் ஒரு பீடி தொட மாட்டார். மாலை போட்டுவிட்டால் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் 'சாமி'. டீக்கடைக்காரர் வாடிக்கையாக நீட்டுகிற பீடிக்கட்டை நீட்ட மாட்டார். அப்பாவும் எதிரில் வருகிற எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார், என்னையும் சேர்த்து. எட்டு வயசுப் பெண்ணைப் பார்த்து, "சாமி, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க" என்பார். மற்ற நாட்களில் 'ஏய்' என்பதுதான் என் பெயர்.

மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றுகிற அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். பதினேழு வயதில் எனக்கு அது பெரிய ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. நாற்பத்திரண்டாம் நாள் குடிப்பதற்காக நாற்பத்தொரு நாள் விட வேண்டுமா என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை.

இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அந்த விரதத்துக்குத் தொடங்கும் நாள் ஒன்று, முடியும் நாள் ஒன்று. கழுத்தில் கிடக்கிற மாலை மறக்க விடாது. ஊரே உடன் நின்று காப்பாற்றும். மார்கழியில் பெண்கள் பாவை நோன்பு இருந்த முறையும் அப்படித்தான். ஒரு மாதம், அதுவும் ஒருத்தி வாசலில் ஒருத்தி போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு. தனியாக எழுந்து தனியாகக் குளித்து யாருக்கும் தெரியாமல் நோன்பு இருக்க யாரையும் நம் முன்னோர்கள் விடவில்லை. மனித மனம் எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் தீர்மானத்தைப் பாருங்கள். முடியும் தேதி இல்லை. டைரிக்கு வெளியே ஒரு ஆளுக்கும் அது தெரியாது. உங்களை எழுப்ப வாசலில் யாரும் இல்லை. அதுவே பொங்கல் வரை ஓடியிருக்கிறது என்றால் நான் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த 41 நாள் வீணாகப் போகவும் இல்லை. ஒரு ஆடி மாதம், அப்பா ரிப்பேருக்கு வாங்கி வந்திருந்த யாருடைய ரேடியோவையோ நான் கீழே போட்டுவிட்டேன். மூடி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அப்பா எழுந்து கையை ஓங்கிவிட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. "என்ன சாமி இது" என்றார். மாலை இல்லாத மாதம், கறுப்பு வேட்டி இல்லாத மாதம். அந்தச் சொல் அவருக்குள் எங்கேயோ தங்கியிருந்து, வேண்டிய நேரத்தில் வாயில் வந்திருக்கிறது. குனிந்து மூடியைத் தேடி எடுத்தார். அதற்குப் பிறகும் கோபப்பட்டிருக்கிறார், கத்தியிருக்கிறார். ஆனால் கை ஓங்கி நான் பார்க்கவில்லை.

சரி, டைரிக்கு வருகிறேன்.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இருபதுகளில் இருந்தபோது தன்னைத் திருத்திக்கொள்ள 13 குணங்களை எழுதி வைத்துக்கொண்டார். ஒரு சின்ன நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு குணம் என்று வரிசையாக எடுத்துக்கொள்வார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. தவறிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. தன்னிடம் இவ்வளவு குறைகளா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்ததாம். அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. அப்புறம் தந்தத்தால் ஆன ஏடுகளில் கட்டம் போட்டுக்கொண்டு, ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். பொருளை அதனதன் இடத்திலும் வேலையை அதனதன் நேரத்திலும் வைக்கிற ஒழுங்கு என்ற ஒரு குணம் மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. 78 வயதில் இதையெல்லாம் எழுதும்போது, முயன்றதால் முயலாதிருந்ததைவிட நல்லவனாகவும் சந்தோஷமாகவும் ஆனேன் என்கிறார்.

இதில் என் மனதில் நிற்பது அந்தப் புள்ளி. அது ஒரு புள்ளி, அவ்வளவுதான். அழித்துவிட்டு அடுத்த வாரத்துக்குப் போகலாம். நீங்கள் எழுதுவது புள்ளி இல்லை, ச. "இன்றும் தவறினேன்" என்கிறீர்கள். அந்த 'உம்' இருக்கிறதே, அது நேற்றையும் முந்தாநாளையும் ஆறு வருடத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு நாள் நடந்த ஒரு காரியத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்து, ஒரு மனிதனுக்கே தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்திருக்கிறீர்கள். 47 தீர்ப்பு. யாருக்குத்தான் தாங்கும்?

புத்த பிக்குகள் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கூடுவார்கள். தங்கள் ஒழுக்க விதிகளை முழுதாக ஓதிக் கேட்கும் நாள் அது. இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் இன்றைக்கும் நடக்கிறது. ஓதுவதற்கு முன், விதி தவறிய பிக்கு இன்னொரு பிக்குவின் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்ல வேண்டும். சின்னத் தவறுகளுக்கு அந்த உரையாடல் மிகவும் சிறியது. தவறைச் சொல்லி முடித்ததும், "பார்க்கிறீர்களா?" என்று கேட்பார் எதிரில் இருப்பவர். "ஆம், பார்க்கிறேன்." "இனிமேல் அடக்கமாக இருங்கள்." முடிந்தது. ஏன் செய்தாய் என்ற விசாரணை இல்லை, நான் பாவி என்ற அழுகை இல்லை. தவறைப் பார்த்தாயா, பார்த்தேன், இனி கவனம். இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக இதைச் சொல்லி வருகிறார்கள். உள்ளே பார்ப்பது என்றால் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதைச் சொல்வது இன்னொரு ஆளிடம். நோட்டுப் புத்தகத்துக்குக் காது கிடையாது. "பார்க்கிறீர்களா?" என்று அது திருப்பிக் கேட்காது.

ஆனால் எழுதுவதால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. எழுதுகிற விதம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் மகனிடம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கெட்டவள், பொறுமை இல்லாதவள் என்பது போன்ற வார்த்தைகளை எழுதுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன். நடந்ததை எழுதுவேன். "சாயங்காலம். ஷூவைக் கழற்றி நடையிலேயே போட்டான். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை கத்தினேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான்." இப்படி நாலு வரி. இரண்டு மாதம் கழித்து மொத்தமாக உட்கார்ந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. கத்திய நாட்களில் பாதிக்கு மேல், காலையில் எழுத உட்கார்ந்து ஒரு வரி கூட எழுத முடியாமல் எழுந்த நாட்கள். ஷூவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் மேல் எனக்கு இருந்த கோபத்தைப் பிள்ளை வாங்கிக்கொண்டிருந்தான். பொறுமை இல்லாதவள் என்று நான் தினம் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. அந்த வார்த்தை எழுதியதும் யோசனை நின்றுவிடும். அன்றைக்கு ராத்திரி அவனிடம் அதைச் சொன்னேன். பதினோரு வயது. "எழுத வரலைன்னா எங்கிட்ட சொல்லும்மா, நான் மாடிக்குப் போயிடறேன்" என்றான்.

இப்போது என் கண் நின்ற இடத்துக்கு வருகிறேன்.

ஐந்து மணிக்கு எழுவதையும், செல்போனையும், அப்பாவையும் ஒரே வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே எடை இல்லை, தம்பி. ஆறரைக்கு எழுந்தால் யாருக்கு என்ன போயிற்று? ராத்திரி செல்போன் பார்த்தால் காலையில் கண் எரியும், அவ்வளவுதான். உங்களை அருவருக்க வைப்பது இந்த இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். மூன்றாவதுதான் வலிக்கிறது. அதை நேராகப் பார்க்கக் கஷ்டமாக இருப்பதால், முதல் இரண்டையும் முன்னால் நிறுத்தி அவற்றுக்காக உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னியுங்கள். ஆனால் கடிதத்தில் மற்ற இரண்டுக்கும் மணிக்கணக்கு எழுதியவர், அப்பாவுக்கு மட்டும் காரணம் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் முதல் இரண்டையும் இந்த வருடம் விட்டுவிடுங்கள். மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஒரு முடியும் தேதி குறியுங்கள். 41 நாள் போதும். அது முடிந்ததும் கழற்றி வைக்கலாம், மனம் இருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். குரல் உயர்ந்தால் தோளைத் தொடச் சொல்லுங்கள். கத்திவிட்ட நாளில் டைரியில் நாலு வரி. மணி என்ன, அப்பா என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் முகம் எப்படி ஆனது. 'இன்றும்' வேண்டாம்.

மறதி உள்ளவர்களுக்குப் புதிதாகக் கேட்பது பெரும்பாலும் மனதில் பதிவதில்லை. நீங்கள் பத்தாம் தடவை பதில் சொல்லும்போது அவர் முதல் தடவையாகக் கேட்கிறார். உங்கள் எரிச்சல் பத்து மடங்கு, அவருக்கோ தன் பிள்ளை ஏன் திடீரென்று கத்துகிறான் என்று விளங்காது. சொன்ன பதில் மறந்துபோனாலும் திட்டு வாங்கிய கலக்கம் நெஞ்சில் கொஞ்ச நேரம் நிற்கும். டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12 குறைபாடு மாதிரி மருந்தில் சரியாகக்கூடிய காரணங்களாலும் மறதி வருவது உண்டு. உங்கள் மேல் உங்களுக்கு இருக்கும் வெறுப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், உங்களுக்காகவும் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

கத்தியதற்காக அப்பாவிடம் வருத்தம் சொல்லலாமா, சொன்னாலும் அவருக்கு ஞாபகம் இருக்காதே என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் மறந்துவிடட்டும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. அப்பா கேட்டதையே கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்கிறார் என்று எழுதவில்லை. கடிதத்தை எத்தனை தடவை புரட்டினாலும் அது மட்டும் இல்லை. இன்று ராத்திரி அவர் அருகில் உட்கார்ந்து அதைக் கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே டைரியில் எழுதுங்கள். அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா