செயற்கை நுண்ணறிவுச் சட்டங்கள் பற்றிய இணைய விவாதங்கள் ஏன் இவ்வளவு மேலோட்டமாக இருக்கின்றன?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு ஊரே சட்டம் பேசியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வருஷம் எந்தப் பேக்கரியில் டீ குடிக்க நின்றாலும் அதே பேச்சுதான். பத்தாவது தாண்டாதவர்கள்கூட டி.டி.எஸ்., அதாவது கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 2100-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற உப்பை எங்கே கொட்டுவது என்று கேட்பார்கள். சாயக் கழிவு தேங்கிய நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயக் காடு வைத்திருந்த என் மாமா, பட்டறை வைத்திருந்த சொந்தக்காரர்களோடு தொண்டை கட்டும்வரை சண்டை போட்டிருக்கிறார். ஆனால் உத்தரவில் என்ன இருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. நொய்யல் தண்ணீரும் அந்த மாசச் சம்பளமும் அதில் மாட்டியிருந்தன, அதனால் தெரிந்துகொண்டார்கள்.

ஏஐ பற்றிய பேச்சில் அது இல்லை. 2024 மார்ச் 1 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. சரியாகச் சோதிக்காத ஏஐ மாடல்களை மக்களுக்குத் தருவதற்கு முன் அரசின் அனுமதி வேண்டும் என்றது. இணையத்தில் பாதிப் பேர் "ஏஐக்குத் தடை" என்று கொதித்தார்கள், மீதிப் பேர் கைதட்டினார்கள். இரண்டே வாரத்தில், மார்ச் 15-ல், அனுமதி நிபந்தனையை எடுத்துவிட்டுப் புது அறிவுறுத்தல் வந்தது. நான் இருந்த குழுக்களில் அதற்கப்புறமும் பழைய செய்தியை வைத்தே சண்டை நடந்தது. இதை அறிவுக் குறைவு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது தன்னை எங்கே தொடும் என்று தெரியாதவர், கிடைத்த தலைப்பை வைத்துத்தான் பேசுவார்.

எங்கள் லைனுக்கு மேலே போன வருஷம் கேமரா வந்தது. யார் எத்தனை நிமிஷம் மிஷினை விட்டு எழுந்து போகிறார்கள் என்று அதுவே கணக்கு எடுக்கும். ஓவர்லாக் அடிக்கும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, அந்தக் கணக்கு தப்பா இருந்தா யாருகிட்டச் சொல்றதுங்க?"

இயந்திரம் மனிதனை அழிக்குமா, அமெரிக்காவா சீனாவா என்று நான் படித்த நூற்றுக்கணக்கான பதிவுகளில் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். நாம் தைக்கும் துணி போய்ச் சேரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், வேலையாட்களைக் கண்காணித்து மதிப்பிடும் ஏஐயை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. வேலையிடத்தில் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடையே செய்துவிட்டது. அங்கே இருக்கிற தொழிலாளிக்காக எழுதிய சட்டம் அது. நம் அக்காவுக்கு அப்படி ஒன்று வேண்டுமா என்று நாம்தான் பேசியாக வேண்டும்.

2025 ஜனவரியில் நம் மத்திய அரசும் ஏஐ நெறிமுறைகளுக்கான வரைவு அறிக்கை ஒன்றை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எனக்கு அது தெரியவந்தபோது கடைசித் தேதி போய்விட்டது. என் குழுக்கள் எதிலும் ஒருவர்கூட அதைப் பகிரவில்லை, நானும்தான். இப்போது அப்படி ஏதாவது வந்தால் கடைசித் தேதியை முதலில் போட்டு, வேலையாட்களைத் தொடும் பத்தியை மட்டும் தமிழில் எழுதி அனுப்புகிறேன். முதல் முறை அனுப்பியபோது பதில் போட்டவர் அந்த அக்கா மட்டும்தான், அதுவும் இன்னொரு கேள்வியாக.