பால் கொடுத்த அண்ணன் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா?

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு அண்ணி மிகவும் நோயுற்றிருந்தார். அண்ணன் மகனுக்குப் பத்து நாள் போல நானே பால் கொடுத்தேன். அப்போது என் மூத்த மகளும் கைக்குழந்தை. இப்போது அவனுக்கு என் இளைய மகளைப் பேசுகிறார்கள். “சேர்ந்து குடித்தவள் மூத்தவள்தானே, இளையவள் அப்போது பிறக்கவே இல்லையே” என்கிறார் அண்ணன். நிகாஹ் செய்யலாமா?

பதில்: கூடாது, சகோதரி. மாமன் மகன், முறைப்பையன் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் பாலைக் குடித்த அன்றே அவன் உங்களுக்கு மகனாகிவிட்டான். ஒரே காலத்தில் குடித்த குழந்தைகள்தான் சகோதரர்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது, அது தவறு. உறவு தாய் வழியாக வருகிறது. அவனுக்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று உங்கள் பிள்ளைகள் எல்லோரும் அவனுக்கு உடன்பிறப்புகள். உங்கள் கணவர் பால்குடித் தந்தை. பால்குடித் தாயையும் பால்குடிச் சகோதரியையும் மணக்கக் கூடாதவர்கள் வரிசையில் குர்ஆன் (4:23) சேர்த்தே சொல்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கு ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணம் பேசியபோது, “அவள் என் பால்குடிச் சகோதரரின் மகள்” என்று மறுத்துவிட்டார்கள். ஹம்ஸாவோ நபியின் சிறிய தந்தை. இருவருக்கும் பால் கொடுத்தவர் துவைபா.

எத்தனை முறை குடித்தால் உறவு ஏற்படும் என்பதில் மத்ஹபுகள் (மார்க்கச் சட்டப் பிரிவுகள்) வேறுபடுகின்றன. ஹனஃபீ மத்ஹபில் ஒருமுறை வயிற்றுக்குள் போனாலே போதும். ஷாஃபிஈ மத்ஹபில் தனித்தனியாக ஐந்து முறை வேண்டும். குழந்தை தானாக வாய் எடுத்து விலகினால் ஒருமுறை. மூச்சு வாங்க நிறுத்தியதும் மறு மார்புக்கு மாற்றியதும் தனிக் கணக்கில்லை. பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டினாலும் உறவு ஏற்படும். இரண்டு வயதுக்குள் குடித்திருக்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்குப் பத்து நாள் கொடுத்திருக்கிறீர்கள். எந்த மத்ஹபில் பார்த்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

உங்களுக்கு அவன் மஹ்ரம், அதாவது மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவு. அவன் முன் பர்தா தேவையில்லை. ஷாஃபிஈ முறைப்படி தொட்டாலும் ஒளு (தொழுகைக்கான அங்கத் தூய்மை) முறியாது. சொத்தில் மட்டும் வாரிசுரிமை கிடையாது.

தயங்காமல் இப்போதே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். நபித்தோழர் உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) மணமுடித்த பிறகு ஒரு பெண் வந்து, “உங்கள் இருவருக்குமே நான் பால் கொடுத்திருக்கிறேன்” என்றார். உக்பா மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபியிடம் கேட்டார். பின் மனைவியைப் பிரிந்தார். அந்த வேதனை உங்கள் மகளுக்கு வர வேண்டாம்.

சம்பந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அண்ணன் விரும்பினால், அவருடைய மற்ற மகன்களுக்கு உங்கள் மகளைக் கொடுக்கலாம். உங்களிடம் பால் குடித்தவனுக்கும் அவன் சந்ததிக்கும்தான் தடை. அவனுடைய உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. உங்கள் மகள் அண்ணியிடம் பால் குடித்ததுண்டா என்பதை மட்டும் அண்ணியிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, ஜமாஅத் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) விவரத்தைச் சொல்லுங்கள்.